வீட்டு மூலையில் ஓர் இசைக்கூடம்

எங்கள் தெருவில் ஒரு பையன் இருக்கிறான். பகலில் கல்லூரியில் வணிகவியல் படிக்கிறான். இரவில் மடிக்கணினியின் முன் உட்கார்ந்து இசை அமைக்கிறான். அதைத் தொழிலாகக் கொள்ளும் எண்ணம் அவனுக்கு இல்லை. சிலர் ஓய்வு நேரத்தில் தபால் தலை சேர்ப்பதுபோல, சிலர் தோட்டம் போடுவதுபோல, அவனுக்கு இது ஒரு விருப்பம். சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னிடம் வந்தான். "மாமா, இணையத்திலேயே பாட்டு அமைக்க எத்தனையோ தளங்கள் இருக்கின்றன. எதில் தொடங்கலாம்? நீங்கள்தான் இதில் பல வருஷம் அடிபட்டவராயிற்றே!" என்று கேட்டான்.

அடிபட்டவன் என்று அவன் விளையாட்டாகச் சொன்னாலும் அது உண்மைதான். அந்த அடி என்ன என்பதைப் பின்னால் சொல்கிறேன். ஒரு தளத்தின் பெயரைச் சொல்லி அவனை அனுப்பியிருக்கலாம்; எனக்கு மனம் வரவில்லை. இந்தக் கருவிகள் எங்கிருந்து வந்தன, யார் கொடுத்தார்கள், யார் எதைத் தம் கையிலேயே வைத்துக்கொண்டார்கள் என்று தெரியாமல் அவற்றில் இறங்குவது, பத்திரம் படிக்காமல் வீடு வாங்குவது போன்றது. ஆகவே அன்று அவனுக்கு நான் சொன்ன வரலாற்றையே இன்று நேயர்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

வானொலியில் பேசுகிறவன் வானொலியைப் புகழ்வது இயல்புதானே என்று நீங்கள் நினைக்கக்கூடும். ஆயினும் உள்ளதைச் சொல்லாமலிருக்க முடியாது. ஒலியைப் பிடித்து வைத்து, வெட்டி, ஒட்டி, அதையே இசையாக்கும் இந்த வித்தை வளர்ந்த இடங்களில் வானொலி நிலையங்கள் முதன்மையானவை. பாரிஸ் வானொலியில் பொறியாளராக இருந்த பியேர் ஷேஃபர் என்பவர் 1948ஆம் ஆண்டில் ரயில் எஞ்சின்களின் ஓசையை இசைத்தட்டுகளில் பதிவு செய்தார். தட்டிலுள்ள வரி உள்நோக்கிச் சுழன்று செல்லாமல், ஒரே வட்டமாக மூடிக்கொள்ளும்படி செய்தார். ஊசி அந்த ஒரு துண்டு ஓசையையே திரும்பத் திரும்ப எழுப்பிற்று. அவ்வாண்டு அக்டோபர் 5ஆம் தேதி அந்த ஓசைக் கச்சேரி ஒலிபரப்பாயிற்று. இன்று இளைஞர்கள் 'லூப்' என்று சொல்லிக் கணினித் திரையில் இழுத்துப் போடுகிறார்களே, அதன் பாட்டன் இந்த மூடிய வரிதான்.

பத்தாண்டுகள் கழித்து, 1958இல், லண்டனில் பி.பி.சி. தனக்கென்று 'ரேடியோபோனிக் ஒர்க்‌ஷாப்' என்ற ஒலிப் பட்டறையை ஏற்படுத்திக்கொண்டது. அங்கே பணிபுரிந்த டெலியா டெர்பிஷயர் என்ற அம்மையார் 1963இல் 'டாக்டர் ஹூ' என்னும் தொலைக்காட்சித் தொடருக்கு முகப்பிசை அமைத்த விதம் கேட்டால் வியப்பாக இருக்கும். இசையை எழுதியவர் ரான் கிரெய்னர். டெர்பிஷயரோ அதன் ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே நாடாவில் பதிந்து, காலத்தை நாடாவின் நீளமாக அளந்து, பிளேடால் வெட்டி, ஒன்றோடொன்று ஒட்டினார். இன்று ஒரு பையன் அரை நிமிஷத்தில் செய்துவிடும் வேலைக்கு அன்று நாட்கணக்கான பொறுமை வேண்டியிருந்தது. அதைவிட முக்கியமானது, அப்படி ஒரு பட்டறை வேண்டியிருந்தது. அரசாங்கமோ பெரிய நிறுவனமோ பின்னால் இல்லாதவன் இந்தக் கலையின் வாசற்படியைக்கூட மிதிக்க முடியாது.

நம் நாட்டிலும் அப்படி ஓர் அறை இருந்தது என்பது பலருக்குத் தெரியாது. 1969இல் அகமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் டேவிட் டியூடர் என்ற அமெரிக்க இசைஞர் வந்து, மூக் சிந்தசைசரைக் கொண்டு ஒரு மின்னணு இசைக்கூடத்தை அமைத்துக் கொடுத்தார். கீதா சாராபாய், அதுல் தேசாய், எஸ். சி. சர்மா, ஐ. எஸ். மாத்தூர், இளைஞரான ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் அங்கே புதுப்புது ஒலிகளைத் தேடினார்கள். சில ஆண்டுகளில் அந்த முயற்சி நின்றுபோயிற்று. உலகமும் அதை மறந்தது. 2017இல் லண்டனைச் சேர்ந்த பால் பர்கஸ் என்ற கலைஞர் அந்த நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் தேடியபோது, பழைய ஒலிநாடாக்கள் அங்கே இருக்கக் கண்டார். அவற்றிலிருந்து தேர்ந்தெடுத்த இசை 2023இல் இசைத்தட்டாகவே வெளிவந்தது. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள்! யாரும் பெரிதாகப் பேணவில்லை. ஒருவரும் அவற்றை எறியவில்லை, அவ்வளவுதான். நாடா ஓர் அலமாரியில் இருந்தது; அலமாரி ஒரு கட்டடத்தில் இருந்தது. இந்த எளிய செய்தியை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி, இந்தக் கலை பெரிய நிறுவனங்களின் வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்த கதையைச் சொல்கிறேன். அதில் எனக்கு மிகவும் பிடித்த மனிதர் ஜப்பானியரான இகுதாரோ ககேஹாஷி. பிள்ளைப் பருவத்திலேயே பெற்றோரை இழந்தவர். கடிகாரம் பழுது பார்த்தார். பிறகு வானொலிப் பெட்டிகளைப் பழுது பார்த்தார். காசநோயில் சில ஆண்டுகள் படுத்தார். அவரே பிற்காலத்தில், 1972இல், ரோலண்ட் என்ற இசைக்கருவி நிறுவனத்தைத் தொடங்கினார். அந்நாளில் ஒவ்வொரு நிறுவனத்தின் மின்னணுக் கருவியும் தனக்கென்று ஒரு பாஷை பேசிற்று. ஒன்றை மற்றொன்றோடு இணைத்தால் இரண்டும் ஊமையாயின. எல்லாக் கருவிகளுக்கும் பொதுவாக ஒரு பாஷை வேண்டும் என்ற யோசனையை 1981இல் ககேஹாஷி அமெரிக்கத் தயாரிப்பாளர்களிடம் எழுப்பினார். கலிபோர்னியாவில் சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் என்ற நிறுவனத்தை நடத்திய டேவ் ஸ்மித் அந்த யோசனையைப் பற்றிக்கொண்டார். 1983 ஜனவரியில், அனஹைம் நகரில் நடந்த இசைக்கருவி வணிகர் கண்காட்சியில், அவருடைய கருவி ஒன்றையும் ரோலண்டின் கருவி ஒன்றையும் ஒரு கம்பியால் இணைத்தார்கள். ஒன்றின் கட்டையை அழுத்த மற்றொன்று பாடிற்று. அந்தப் பொதுப் பாஷைக்கு 'மிடி' என்று பெயர்.

மிடியில் செல்வது ஒலி அன்று என்பதை நன்கு விளங்கிக்கொள்ள வேண்டும். எந்தக் கட்டை, எப்போது, எவ்வளவு வேகத்தில் அழுத்தப்பட்டது, எப்போது விடப்பட்டது என்ற கட்டளைகள் மட்டுமே அதில் செல்கின்றன. நம் வித்துவான்கள் நோட்டுப் புத்தகத்தில் சுரம் எழுதி வைப்பது போன்றதுதான். சுரக்குறிப்பில் குரல் இராது. ஆனால் குறிப்பைப் பார்த்து வேறொருவர் பாடலாம். இதை வகுத்தவர்கள் யாரிடமும் இதற்காக உரிமைத் தொகை கேட்கவில்லை. எந்த நாட்டில் எவர் கருவி செய்தாலும் இந்தப் பாஷையைச் சும்மா எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். வியாபாரிகளின் உலகில் இது அபூர்வம். முப்பது ஆண்டுகள் கழித்து, 2013இல், அவ்விருவருக்கும் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது கிடைத்தது. ககேஹாஷி 2017இலும் ஸ்மித் 2022இலும் காலமானார்கள். 1983இல் வகுத்த பாஷையை இன்றைய கைப்பேசியும் புரிந்துகொள்கிறது.

இவ்விடத்தில் ஒரு சிறு விலகல். கட்டை என்றதும் நம் வானொலிக்கு ஒரு பழைய வழக்கு நினைவுக்கு வராமல் போகாது. ஹார்மோனியத்தின் கட்டைகளில் கமகம் பிறவாது என்று சொல்லி, 1940இல் அகில இந்திய வானொலி அந்த வாத்தியத்துக்கே தடை விதித்தது. முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 1971இல்தான் அது தளரத் தொடங்கிற்று. இன்று கணினித் திரையில் இசை எழுதும் கட்டங்களும் பன்னிரண்டு கட்டைகளின் சாயலில்தான் அமைந்திருக்கின்றன. தோடியை அந்தக் கட்டத்துக்குள் வைத்துப் பாருங்கள். பழைய வழக்கு மறுபடியும் உயிர் பெறும்! ஆனால் சுருதியை வளைப்பதற்கென்று மிடியில் 16,384 படிகள் உண்டு. 2018 முதல் ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே வளைப்பதற்கும் ஒரு முறை வகுக்கப்பட்டிருக்கிறது. அதனால் கமகம் வந்துவிடும் என்று நான் சொல்லத் துணியமாட்டேன். பிரயாசைப்படுகிறவனுக்கு வழி அடைபட்டிருக்கவில்லை என்று மட்டும் சொல்லலாம்.

மிடி வந்தும் சிந்தசைசரைக் காசு கொடுத்துத்தானே வாங்க வேண்டியிருந்தது? அந்தத் தடையைப் பெரிதும் தகர்த்தவர் கார்ஸ்டன் ஒபார்ஸ்கி என்ற ஜெர்மானியர். வீடுகளில் பிள்ளைகள் விளையாட வாங்கிய அமிகா என்ற கணினிக்காக, 1987இல் 'அல்டிமேட் சவுண்ட்டிராக்கர்' என்ற மென்பொருளை எழுதினார். நான்கு தடங்கள், சில ஒலித்துணுக்குகள், மேலிருந்து கீழாக ஓடும் எண் வரிசை. அவ்வளவே. கடையில் அது அதிகம் விற்கவில்லை. ஆனால் ஐரோப்பியப் பிள்ளைகள் அதைப் பிரித்து ஆராய்ந்து, தாங்களே திருத்தங்கள் செய்து பரப்பினார்கள். அதில் உருவான பாட்டின் கோப்பிற்குள் குறிப்பும் இருக்கும், ஒலித்துணுக்கும் இருக்கும். ஒருவன் செய்த பாட்டை மற்றொருவன் திறந்தால், எந்த இடத்தில் எந்த ஒலியை எப்படி வைத்தான் என்பது முழுவதும் கண்ணுக்குத் தெரியும். குருவின் அருகே உட்கார்ந்து விரலைப் பார்த்துக் கற்பதற்கு இது ஏறக்குறைய சமானம். அந்நாளைய பாட்டுகள் இன்றும் திறக்கின்றன, ஒலிக்கின்றன. நான் சோதித்துப் பார்த்திருக்கிறேன்.

அதன்பின் கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அவற்றை வேகமாகச் சொல்லிச் செல்கிறேன். 1996இல் ஹாம்பர்க்கிலுள்ள ஸ்டைன்பெர்க் நிறுவனம், வெளியார் செய்யும் ஒலிக்கருவிகளையும் தன் மென்பொருளில் செருகிக்கொள்ளும் வி.எஸ்.டி. முறையை வெளியிட்டது. பெல்ஜியத்தில் டிடியே தம்ப்ரேன் உருவாக்கிய 'ஃப்ரூட்டிலூப்ஸ்' வெறும் தாளக் கருவியாகப் பிறந்து, 2003இல் 'எஃப்.எல். ஸ்டூடியோ' என்று பெயர் மாறிற்று. அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மசோனியும் ராஜர் டானன்பர்க்கும் தொடங்கிய 'ஆடாசிட்டி' 2000ஆம் ஆண்டில் இலவசமாக வெளிவந்தது. ஒலியைப் பதியவும் வெட்டவும் அது இன்றும் ஏழைக்கு உற்ற தோழன். 2004இல் ஆப்பிள் நிறுவனம் தன் கணினிகளுக்காக 'கராஜ்பேண்ட்' மென்பொருளை வெளியிட்டது. அதனுடன் வந்த தாளத் துணுக்கு ஒன்றுதான் 2007இல் ரிஹான்னாவின் 'அம்ப்ரெல்லா' என்ற பாட்டுக்கு அடிப்படைத் தாளமாயிற்று. பாமரனுக்கும் பெரிய பாடகிக்கும் ஒரே மேளம்!

பாட்டை அமைக்கும் செலவு இவ்வாறு குறைந்தது. அதைப் பிறர் காதில் சேர்ப்பது எப்படி? 1993இல் கலிபோர்னியாவின் சாந்தா குரூஸில் மாணவர்கள் சிலர், அறிமுகமில்லாத குழுக்களின் பாட்டுகளை இணையத்தில் வைத்து வழங்கும் களஞ்சியம் ஒன்றைத் தொடங்கினார்கள். 1997இல் 'எம்.பி.3 டாட் காம்' வந்தது. பெயர் பெறாத இசைஞர்கள் லட்சக்கணக்கான பாட்டுகளை அங்கே ஏற்றினார்கள். அந்நிறுவனம் கை மாறி, மறுபடியும் கை மாறிற்று. 2003 டிசம்பரில் புதிய உடைமையாளர் பழைய தளத்தை மூடியபோது, அந்தப் பாட்டுக் களஞ்சியமும் இணையத்திலிருந்து மறைந்தது. அதே 2003இல் பிறந்த மைஸ்பேஸில் மக்கள் மறுபடியும் நம்பிக்கையோடு பாட்டுகளை ஏற்றினார்கள். 2019 மார்ச்சில் ஓர் அறிவிப்பு வந்தது. சேவையகங்களை இடம் மாற்றும்போது, மூன்று ஆண்டுகளுக்கும் முன்பு ஏற்றியவை அழிந்துவிட்டன என்பது அதன் சாரம். போனவை ஐந்து கோடிப் பாட்டுகள் என்று பத்திரிகைகள் எழுதின. ஆய்வாளர்கள் சிலர் முன்னரே நகலெடுத்து வைத்திருந்த சுமார் 4,90,000 பாட்டுகளை இன்டர்நெட் ஆர்க்கைவ் மீட்டு வைத்தது. நூற்றுக்கு ஒன்று.

என் அடியை இப்போது சொல்லலாம். என் தாயார் தாலாட்டு நன்றாகப் பாடுவார். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மத்தியான வேளையில், மின்விசிறியை நிறுத்திவிட்டு, சாப்பாட்டு மேசையின்மேல் மலிவான ஒலிவாங்கி ஒன்றை வைத்து, அவர் பாடியதைப் பதிவு செய்தேன். கணினியில் தம்புரா சுருதியும் ஒரு புல்லாங்குழலும் சேர்த்தேன். ஒரு தளத்தில் ஏற்றினேன். அதன் பெயர் இங்கே வேண்டாம். அடுத்த வருஷம் என் கணினியின் வட்டு கெட்டுப்போயிற்று. 'மேலேதான் இருக்கிறதே' என்று நான் கவலைப்படவில்லை. தாயார் காலமானார். அந்தத் தளமும் சில வருஷங்களில் மூடப்பட்டது. எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியிருந்தார்கள். நான் பார்ப்பதை விட்டுவிட்ட பழைய மின்னஞ்சல் முகவரிக்கு அது சென்றது. தவறு பாதி என்னுடையது.

பிறகு வீட்டைத் துப்புரவு செய்தபோது, ஒரு பழைய குறுந்தட்டில் அந்தப் பாட்டின் மிடிக் கோப்பு அகப்பட்டது. திறந்து பார்த்தேன். சுருதி இருந்தது, புல்லாங்குழல் இருந்தது. தாயாரின் குரலுக்காக நான் விட்டிருந்த இடங்களும் அப்படியே இருந்தன. கட்டளைகளில் குரல் இராது என்று சற்று முன் சொன்னேன் அல்லவா?

பையனிடம் இவ்வளவும் சொன்னபோது அவன், "அப்படியானால் இணையத் தளங்களே வேண்டாம் என்கிறீர்களா?" என்றான். நான் அப்படிச் சொல்லவில்லை. சொன்னால் அது நன்றி மறந்த பேச்சு. பார்சிலோனாவிலுள்ள பொம்பேவு ஃபாப்ரா பல்கலைக்கழகம் 2005இல் தொடங்கிய 'ஃப்ரீசவுண்ட்' களஞ்சியத்தில், மழை முதல் மணியோசை வரை உலகத்தார் பதிந்த ஒலிகளை இன்னின்ன நிபந்தனை என்று எழுதி வைத்து இலவசமாகத் தருகிறார்கள். 2007இல் ஸ்டாக்ஹோமில் கருக்கொண்டு, பெர்லினிலிருந்து வளர்ந்த 'சவுண்ட்கிளவுட்' தளத்தில் பாட்டின் அலைவடிவம் திரையில் ஓடும். கேட்பவர் எந்த விநாடியைப் பற்றிச் சொல்ல வருகிறாரோ அந்த இடத்திலேயே கருத்து எழுதலாம். தனியாக உட்கார்ந்து பாட்டுக் கட்டுகிறவனுக்கு அது பெரிய துணை. லாஸ் ஏஞ்சலிஸில் பில்லி ஐலிஷ் என்ற சிறுமியும் அவள் அண்ணனும் வீட்டில் பதிவு செய்த பாட்டை 2015இல் அங்கேதான் ஏற்றினார்கள். 2020இல் கிராமியின் முக்கிய விருதுகள் அவளுக்குக் கிடைத்தன. மென்பொருளை நிறுவவே வேண்டாம், உலாவியைத் திறந்தால் போதும் என்ற நிலையை ஸ்வீடனின் 'சவுண்ட்ராப்', சிங்கப்பூரின் 'பேண்ட்லேப்' போன்றவை கொண்டுவந்தன. கைப்பேசி ஒன்றே சொத்தாக உள்ள பிள்ளைக்கு இது எத்தகைய வரம் என்பதை, கருவியின் விலையைக் கேட்டுத் திரும்பி வந்த என் தலைமுறைதான் அறியும்.

நிபந்தனை என்றேன். அதைப் படிக்க வேண்டும் என்பதற்கும் ஒரு கதை உண்டு. நெதர்லாந்தில் ஓர் இளைஞர், 'நைன் இஞ்ச் நெயில்ஸ்' என்ற குழு 2008இல் வெளியிட்ட இசையிலிருந்து ஒரு துணுக்கை எடுத்து ஒரு மெட்டு அமைத்து, தாள மெட்டுகள் விற்கும் தளத்தில் வைத்தார். அந்தக் குழு அத்தொகுப்பை வணிகமல்லாத பயனுக்கென்று கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் தாராளமாக விட்டிருந்தது, விற்பதற்கு விடவில்லை. லில் நாஸ் எக்ஸ் என்ற அமெரிக்க இளைஞர் அந்த மெட்டை 30 டாலருக்கு வாங்கிப் பாடினார். 'ஓல்ட் டவுன் ரோடு' என்ற அந்தப் பாட்டு 2019இல் அமெரிக்கப் பட்டியலில் 19 வாரங்கள் முதலிடத்தில் நின்றது. நல்லவேளையாக மூல இசைஞர்களுடன் உடன்பாடு ஏற்பட்டு, அவர்கள் பெயரும் பாட்டில் சேர்ந்தது. எல்லோருக்கும் அந்த நல்லவேளை வாய்க்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

இசையைத் தானே புனைந்து தரும் செயற்கை அறிவுத் தளங்களும் இப்போது வந்துவிட்டன. அவற்றைப் பற்றி எனக்கு அதிகம் சொல்ல விருப்பமில்லை. சமைக்கத் தெரிய வேண்டும் என்று வருகிறவனுக்கு ஓட்டல் முகவரி எதற்கு? ஒரு செய்தியை மட்டும் குறிப்பிடுகிறேன். 2025 அக்டோபரில் 'உடியோ' என்ற தளம் பெரிய இசை நிறுவனம் ஒன்றுடன் சமரசம் செய்துகொண்டது. உடனே, பயனர் தாம் உருவாக்கியவற்றைப் பதிவிறக்கிக்கொள்ளும் வசதி நின்றுபோயிற்று. எதிர்ப்பு எழுந்தபின் 48 மணி நேரம் மட்டும் கதவைத் திறந்துவிட்டார்கள். அகமதாபாத் அலமாரி ஐம்பது ஆண்டுகள் பொறுத்திருந்தது.

கடைசியில் பையனிடம் பேண்ட்லேப்பில் தொடங்கச் சொன்னேன். காசில்லாமல் கற்பதற்கு அது போதும். ஒரு பாட்டு முடிந்ததும் அன்றிரவே ஒவ்வொரு தடத்தையும் தனித்தனியாக 'வேவ்' கோப்பாக இறக்கிக்கொள்ள வேண்டும், மிடிக் குறிப்பையும் இறக்க வேண்டும், சுருதி இன்னது, நிமிஷத்துக்கு எத்தனை தட்டு என்பதைத் தாளில் எழுதி வைக்க வேண்டும், பிரதி ஒன்று தன் வீட்டிலும் மற்றொன்று வேறொருவர் வீட்டிலும் இருக்க வேண்டும் என்று சொன்னேன். அந்த வேறொருவர் வீடு என் வீடாகவே அமைந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது பாட்டைக் கொண்டுவந்தான். தாளம் சற்று ஓடுகிறது. சுருதி சுத்தமாக இருக்கிறது. பென்டிரைவில் ஐந்து தடங்களும் தனித்தனியே இருந்தன. பேரிடாமல் 'ஒன்று, இரண்டு' என்று எண் மட்டும் போட்டிருந்தான். எது எந்த வாத்தியம் என்று எழுதிக்கொண்டு வரும்படி திருப்பி அனுப்பினேன்.